புது வாட்சில் முதல் கீறல்: தேய்ப்பதா, விடுவதா?

மணிமுள் · சனி, இரவு 11.20

தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. டியூடர் பிளாக் பே 58 வாட்ச் வாங்கி இன்றோடு 41 நாள். நாள் எண்ணும் அளவுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

மாலையில் இட்லிக் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கினேன். மனைவியின் பாட்டி காலத்து அலுமினியக் குண்டான், நல்ல கனம். கரித்துணியால் பிடித்துத் தூக்கி மேடையின் மூலையில் வைக்கப் போனபோது, என் மணிக்கட்டு குண்டானுக்கும் கிரானைட் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ‘சரக்’ என்று ஒரு சத்தம். வயிற்றுக்குள் என்னவோ செய்தது.

பார்த்தால், கிரவுனுக்கு (நேரம் திருப்பும் திருகு) எதிர்ப்பக்கம், கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட பக்கவாட்டில், சாம்பல் நிறத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டையாக ஒரு கோடு. மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “கை சுட்டுக்கலையே?” என்று கேட்டாள். அப்போதுதான் கை என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது.

நாளைக்கே பாலிஷ் கடைக்குப் போகலாமா? இல்லை, பல்பசை வைத்துத் தேய்த்தால் போகுமா?

---

கோவைக் குசும்பு · சனி, இரவு 11.34

ஆழ்ந்த அனுதாபங்கள். பதினாறாம் நாள் காரியம் எப்போது என்று சொல்லுங்கள், வந்துவிடுகிறோம்.

---

அடையாறு ஆலமரம் · ஞாயிறு, காலை 6.05

குசும்பு, அவர் பாவம், விடுங்கள். மணிமுள், பல்பசையைத் தொடாதீர்கள். கடைக்கும் போகாதீர்கள். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள்: வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு, பழைய மென்மையான பல்துலக்கி. கிரவுன் இறுக்கி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழுவுங்கள். துடைத்து உலர்ந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் அந்தக் கோட்டை அழுத்தித் தேயுங்கள். பென்சில் எழுத்தை அழிக்கிற மாதிரியேதான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாம்பல் நிறத்தில் பட்டையாக இருந்தது என்கிறீர்கள். எஃகு கீறினால் சாம்பல் பட்டை வராது, ஒளியில் பளிச்சென்று ஒரு மெல்லிய கோடுதான் தெரியும். அலுமினியம் எஃகைவிட மிருது. அது உங்கள் வாட்சில் உரசினால் தேய்வது குண்டான்தான், தேய்ந்த அலுமினியம் வாட்சின் மேல் அப்பிக்கொள்ளும். கார் பம்பரில் பக்கத்து வீட்டு மதிலின் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்வதைப் போல.

ஆனால் கிரானைட் வேறு விஷயம். அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. வாட்ச் எஃகு அதற்குக் கீழே. ஆகவே கிரானைட்டுக்கும் எஃகுக்கும் சண்டை வந்தால் தோற்பது எஃகுதான். கடற்கரை மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். மெரினாவுக்குப் போய்விட்டு வந்து அந்த மணலோடு வாட்சைச் சட்டையில் துடைத்தால், அதைவிட நல்ல உப்புத்தாள் கிடையாது.

கண்ணாடியைப் பற்றிக் கவலை வேண்டாம். அது செயற்கை நீலக்கல், மோஸில் 9. அந்த வகைக் கல்லுக்கு நம் ஊர்ப் பெயர் குருந்தம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரே இந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். சாணைக் கல்லுக்குப் பயன்படுவதும் அதே வகைதான். கிரானைட்டால் அதைக் கீற முடியாது, வைரம் கீறும். மனைவியின் வைரத் தோடும் உங்கள் வாட்சும் ஒரே பெட்டியில் இருந்தால் பிரித்து வையுங்கள்.

ரப்பரால் தேய்த்துவிட்டு நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் ஆழம். மாட்டாவிட்டால் மேலோட்டம். முடிவைச் சொல்லுங்கள்.

---

மணிமுள் · ஞாயிறு, காலை 8.50

ஆலமரம் சார், நீங்கள் தெய்வம். மகளின் ரப்பரைத் திருடித் தேய்த்தேன். சாம்பல் பட்டை முழுக்கப் போய்விட்டது! ரப்பர் கறுத்துவிட்டது, மகள் வேறு அழுகிறாள்.

ஆனால் அடியில் ஒரு கீறல் இருக்கத்தான் செய்கிறது. நாலு மில்லிமீட்டர் இருக்கும். மயிரிழை. நகம் மாட்டவில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. நான் அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தபடியே இருக்கிறேன்.

---

தங்கமுள் · ஞாயிறு, காலை 9.15

இதற்குத்தான் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து ரோலக்ஸாக வாங்கியிருக்க வேண்டும். அது 904எல் எஃகு. மற்றவர்கள் போடுவது சாதா 316எல். 904எல் கீறாது.

---

அடையாறு ஆலமரம் · ஞாயிறு, காலை 9.40

தங்கமுள், இந்தப் பேச்சு வாட்ஸ்அப்பிலிருந்து இங்கேயும் வந்துவிட்டதா? 904எல்லில் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் எல்லாம் கூடுதல், செம்பும் கொஞ்சம் உண்டு. அதனால் உப்புத் தண்ணீரும் அமிலமும் அதை எளிதில் அரிக்காது. அதன் பெருமை அங்கே. ரோலக்ஸ் அதை 1985இல் முதன்முதலில் போட்டதே ஆழ்கடல் வாட்சில்தான். கீறலைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். என் தம்பியின் ரோலக்ஸ் சப்மரினரில் கிளாஸ்பை, அதாவது பட்டையின் பூட்டைப் பார்த்தால் பூனை நகம் தீட்டிய மரம் மாதிரி இருக்கிறது.

கீறாத எஃகு வேண்டுமென்றால் வேறு வழி உண்டு. ஜெர்மனியில் சின் நிறுவனம் எஃகின் மேற்பரப்பை மட்டும் கடினப்படுத்துகிறது. உலோகத்தின் கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் சாதாரண வாட்ச் எஃகு சுமார் 200 என்றால், அவர்களுடையது 1200 வரை போகிறது. சிட்டிசன் டைட்டானியத்தில் இதே மாதிரி செய்கிறது. அதிலும் ஒரு சிக்கல். கடினமானது மேல் தோல் மட்டுமே. பலமாக இடித்தால் தோலோடு சேர்ந்து பள்ளம் விழும். அதைப் பாலிஷ் போட்டு எடுக்கப் போனால் அந்தத் தோலே போய்விடும்.

---

பாரிமுனைப் பட்டறை · ஞாயிறு, மதியம் 2.10

தம்பி மணிமுள், நான் இந்தத் தொழிலில் 31 வருடமாக இருக்கிறேன். பாலிஷ் போட்டுக் காசு வாங்குகிறவன் சொல்கிறேன், இப்போது பாலிஷ் போடாதீர்கள்.

பாலிஷ் என்றால் கீறலை நிரப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றிலும் உள்ள உலோகத்தைச் சுரண்டி எடுத்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். நாலு மில்லிமீட்டர் கோட்டுக்காக அந்தப் பக்கம் முழுவதும் இழைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் மறுபக்கம் வேறு மாதிரி தெரியும், அதையும் இழைக்க வேண்டும்.

உங்கள் வாட்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிரேஸ்லெட் மாட்டும் காதுகள் நாலு இருக்கின்றனவே, அவற்றின் மேல்பக்கம் கோடு கோடாக பிரஷ் செய்தது. பக்கவாட்டு கண்ணாடி மாதிரி பாலிஷ். இரண்டுக்கும் நடுவில் சாய்வாக ஒரு மெல்லிய பாலிஷ் கீற்று ஓடும். அந்தக் கீற்றுதான் அந்த வாட்சின் முகம். தட்டையான தட்டில் வைத்து இழைக்கத் தெரிந்தவன் கையில் போனால் அது பிழைக்கும். துணிச் சக்கரத்தில் வைத்து அழுத்துகிறவன் கையில் போனால் விளிம்பெல்லாம் உருண்டு, சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஆகிவிடும். போன மாதம்கூட ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டு வந்தார். பளபளப்பு குறையே இல்லை. காதுகள் மெலிந்து, பட்டையைப் பிடிக்கும் ஸ்பிரிங்பார் கம்பி மாட்டும் ஓட்டையின் ஓரத்தில் உலோகம் காகிதமாகிவிட்டது. அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. லேசர் வெல்டிங்கில் புது உலோகம் வைத்து மறுபடி வடிவம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆழமான வெட்டுக்குச் செய்வது, செலவும் அதிகம், மயிரிழைக் கோட்டுக்கு அல்ல.

இன்னொன்று. கேஸை, அதாவது வாட்சின் உலோக உடலைப் பாலிஷ் போட வேண்டுமென்றால் முறைப்படி உள்ளே இருக்கும் இயந்திரத்தை வெளியே எடுக்க வேண்டும், கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பெசல் வளையத்தைக் கழற்ற வேண்டும், மறுபடி மூடும்போது ரப்பர் வளையங்களை மாற்றித் தண்ணீர் புகாமையைச் சோதிக்க வேண்டும். “பத்து நிமிடத்தில் தருகிறேன் சார்” என்று ஒருவன் சொன்னால் அவன் இதெல்லாம் செய்யப் போவதில்லை. எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்தாறு வருடம் கழித்து சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் “பாலிஷ் வேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வாயால் சொல்லாதீர்கள், ரசீதில் எழுதி வாங்குங்கள்.

---

ஸ்பிரிங்பார் செல்வி · ஞாயிறு, மாலை 4.30

பட்டறை ஐயா சொன்னதை நான் போன வருடமே படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் ஒமேகாவின் காதில் ஒரு சின்னக் கோடு. வீடியோ பார்த்துவிட்டு, உலோகத்தைப் பாலிஷ் போடுகிற கேப் காட் துணி வாங்கினேன். பாலிஷ் போட்ட பகுதிக்கு அது அருமையான சாமான், மறுக்கவில்லை. நான் தேய்த்தது பிரஷ் செய்த பகுதியில். கோடு போனது. கோட்டோடு சேர்ந்து அந்த பிரஷ் இழையும் போய், அந்த இடம் மட்டும் எண்ணெய் வழிந்த நெற்றி மாதிரி மினுமினுத்தது. அதைச் சரிசெய்யப் பாத்திரம் துலக்கும் பச்சை நாரை எடுத்தேன். அங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பச்சை நார் தப்பில்லை. ஆனால் பக்கத்தில் உள்ள பாலிஷ் கீற்றை டேப் ஒட்டி மறைக்க வேண்டும். இழை எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில், ஒரே போக்கில், எடுத்து எடுத்துத் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது. நான் டேப் ஒட்டவில்லை, வட்ட வட்டமாகத் தேய்த்தேன், தோசைக்கல் தேய்க்கிற கை அப்படியே வந்துவிட்டது. ஒரு கோட்டில் ஆரம்பித்து ஒரு காதையே கெடுத்தேன். கேட்பவர்களிடம் “சமையலறையில் இடித்துவிட்டது” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே முகம் தெரியாததால் உண்மை வருகிறது.

பிரஷ் இழையை மறுபடி போடக் கண்ணாடி இழைப் பேனா என்று ஒன்று விற்கிறார்கள், அதை வாங்குகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தூள் விரலில் ஏறினால் இரண்டு நாள் குத்தும்.

---

கோவைக் குசும்பு · ஞாயிறு, மாலை 4.41

‘தோசைக்கல் ஒமேகா’, வரையறுக்கப்பட்ட பதிப்பு, 1/1.

---

கெய்லாங் கடிகாரம் · ஞாயிறு, மாலை 6.15

சிங்கப்பூரில் பழைய வாட்சுகளை வாங்கி மாற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. விற்கப் போகும்போது கடைக்காரர் முதலில் பார்ப்பது காதின் விளிம்பை. அது கூர்மையாக இருந்தால் அங்கங்கே கீறல் இருந்தாலும் முகம் மலரும். பளபளவென்று இருந்து விளிம்பு மழுங்கியிருந்தால் விலையைக் குறைப்பார். பழைய வாட்ச் சேகரிப்பவர்களுக்குப் ‘பாலிஷ் படாதது’ என்பதுதான் பெரிய சொல். கீறலை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்த உலோகத்தை வைக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு.

---

இது ஒரு பிரச்சினையா · ஞாயிறு, இரவு 8.00

மன்னிக்கவும், வெளியிலிருந்து ஒரு கேள்வி. மயிரிழைக் கோட்டுக்கு இத்தனை பேர் இவ்வளவு எழுதுகிறீர்களே. கையில் கட்டுகிற பொருள் இடிபடத்தான் செய்யும். தாங்க முடியாதவர் எதற்கு இவ்வளவு விலைக்கு வாங்க வேண்டும்?

---

திருச்சி தாத்தா · ஞாயிறு, இரவு 9.25

கேள்வி நியாயம்தான். ஆனால் நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, பொத்தானில் எழுத்தே தெரியாமல் பத்து வருடம் அமுக்குகிற கூட்டம் நாம். கார் இருக்கையின் பாலிதீனைக் கிழிக்க நல்ல நாள் பார்த்தவர் என் சம்பந்தி. விலை ஒரு காரணமே இல்லை.

என் அப்பாவிடம் எச்எம்டி ஜனதா இருந்தது. கண்ணாடி அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக்தான். சைக்கிளில் போய்வந்தே கண்ணாடி புகை படிந்த மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு பொங்கலுக்கும் முன்னால் திண்ணையில் உட்கார்ந்து, வேட்டி நுனியில் பல்பசை தொட்டு அதைத் தேய்ப்பார். கால் மணி நேரத்தில் புதுக் கண்ணாடி. மணிமுள் பல்பசை என்று கேட்டதும் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. ஆனால் அது பிளாஸ்டிக் கண்ணாடிக்குத்தான் தம்பி, எஃகுக்கு அல்ல. நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீடுமாஸ்டரிலும் அதே மாதிரி பிளாஸ்டிக் கண்ணாடிதான். உடைந்தாலும் சில்லு சில்லாகச் சிதறி விண்கலத்துக்குள் மிதக்காது என்பது அதன் சௌகரியம். இன்றும் அந்தக் கண்ணாடியோடு விற்கிறார்கள், அதை வாங்குகிறவர்கள் இன்றும் பசை போட்டுத் தேய்க்கிறார்கள்.

என் மச்சான் துபாயிலிருந்து ரேடோ டயாஸ்டார் கொண்டு வந்தார். “கீறவே கீறாது” என்று கல்யாண வீட்டில் எல்லோரிடமும் நீட்டுவார். பொய்யில்லை, 1962இல் வந்தபோதே அதைக் கீறாத வாட்ச் என்றுதான் விற்றார்கள். டங்ஸ்டன் கார்பைடு என்ற கடின உலோகம். பொறாமையில் சாவியால் கீறிப் பார்த்தவன் நான். சாவிதான் தேய்ந்தது. இன்று அந்த வாட்ச் அவர் மகனிடம் இருக்கிறது, பட்டையெல்லாம் தொங்கிப்போய், கேஸ் மட்டும் நேற்று வாங்கியது போல. அதைப் பார்க்கும்போது மச்சான் முகம் ஞாபகம் வருவதில்லை, என் சாவிதான் ஞாபகம் வருகிறது. அப்பாவின் ஜனதாவில் பின்மூடி முழுக்கக் கீறல், ஒரு பக்கம் அவர் பல்லால் திறக்கப் பார்த்த தடம்கூட உண்டு.

அப்புறம் இன்னொரு கதை. 1931இல் ஜேஜர் லெகூல்தர் ‘ரிவர்ஸோ’ என்று ஒன்று செய்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் போலோ ஆடும்போது வாட்ச் கண்ணாடி உடைந்துகொண்டே இருந்ததாம். முகத்தைத் திருப்பிக் கவிழ்த்துக்கொள்கிற மாதிரி ஒரு வாட்ச் கேட்டார்கள். கீறல் பயத்தில் பிறந்த வாட்சே ஒன்று இருக்கும்போது மணிமுள் கவலைப்படுவதில் தப்பு என்ன?

---

இது ஒரு பிரச்சினையா · ஞாயிறு, இரவு 9.50

பல்லால் திறக்கப் பார்த்தாரா? சரி, தோற்றேன்.

---

நைட் ஷிப்ட் · திங்கள், அதிகாலை 3.12

கேஸைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு எல்லாக் கீறலும் கிளாஸ்பில்தான், எல்லாம் லேப்டாப்பால் வந்தவை. அலுமினிய உடல் கொண்ட லேப்டாப். ஆலமரம் சார், அலுமினியம் மிருது என்றால் என் கிளாஸ்ப் எப்படிக் கீறுகிறது?

---

அடையாறு ஆலமரம் · திங்கள், காலை 6.20

நல்ல கேள்வி. குண்டான் வெறும் அலுமினியம். லேப்டாப்பின் அலுமினியத்துக்கு மின்வேதி முறையில் மேலே ஒரு ஆக்சைடு படலம் ஏற்றியிருப்பார்கள். அலுமினியம் ஆக்சைடு என்றால் என்ன? நேற்று சொன்ன குருந்தத்தின் வேதிப்பொருளேதான். நீலக்கல் அளவுக்கு இறுக்கமான படிகம் இல்லை, ஆனாலும் எஃகைக் கீறப் போதும். நீங்கள் இரவெல்லாம் தட்டச்சு செய்யும்போது கிளாஸ்ப் ஒரு சாணைக்கல்லின் மேல் போய்வந்துகொண்டிருக்கிறது.

வேலை நேரத்தில் கழற்றி மூக்குக்கண்ணாடிப் பெட்டித் துணி மேல் வையுங்கள். இல்லையென்றால் தோல் பட்டை மாட்டிக்கொள்ளுங்கள். கிளாஸ்புக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் படலமும் விற்கிறது, ஆனால் ஓரத்தில் அழுக்கு சேர்ந்து வியர்வை நாற்றம் வரும். ரிமோட் உறை ரகம்.

---

மணிமுள் · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.05

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். பாலிஷ் போடவில்லை. அந்தக் கோடு எங்கே என்று இன்று காலையில் தேடினேன், கொஞ்ச நேரம் பிடித்தது. பட்டறை ஐயா, மறைந்துவிட்டதா, என் கண் பழகிவிட்டதா?

இதற்கு நடுவில் கிளாஸ்பில் நாலைந்து கோடு வந்துவிட்டது. எப்போது விழுந்தது, எதில் பட்டது, ஒன்றும் தெரியாது. ஒன்று பைக் சாவியாக இருக்கலாம். இவற்றைப் பார்த்து வயிற்றுக்குள் எதுவும் செய்யவில்லை. மகளுக்குப் புது ரப்பர் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

---

பாரிமுனைப் பட்டறை · ஞாயிறு, மாலை 6.40

இரண்டும்தான் தம்பி. கீறும்போது உலோகம் முழுக்க வெட்டுப்பட்டுப் போவதில்லை, பெரும்பகுதி இரண்டு பக்கமும் ஒதுங்கி வரப்பு மாதிரி நிற்கும். அந்த வரப்பில்தான் வெளிச்சம் பட்டு மின்னும். சட்டைக்கை உரசி உரசி வரப்பு மழுங்கும்போது மினுக்கம் அடங்கிவிடும். கூடவே சுற்றிலும் இன்னும் நூறு சின்னக் கோடு வந்திருக்கும், அதனால் தனியாகத் தெரியாது.

---

கோவைக் குசும்பு · ஞாயிறு, மாலை 6.52

முக்கியமான விஷயத்தை யாரும் கேட்கவில்லை. இப்போது இட்லிக் குண்டானை யார் இறக்குகிறார்கள்?

---

மணிமுள் · ஞாயிறு, இரவு 7.10

நான்தான். வாட்சைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு இறக்குகிறேன்.

---

பாரிமுனைப் பட்டறை · ஞாயிறு, இரவு 7.14

ஃப்ரிட்ஜ் மேல் வேண்டாம் தம்பி. கதவை அடித்துச் சாத்தும்போது நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வரும். கீழே டைல்ஸ். அப்புறம் நீங்கள் கீறலைப் பற்றி எழுத மாட்டீர்கள், நேராக என் கடைக்குத்தான் வருவீர்கள். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குனியும்போது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.